ஒன்பது கஜ வேலி

யுத்தம் முடியுமா முடியாதா என்று தெரியாமல் ஊரே ரேஷன் க்யூவில் நின்றுகொண்டிருந்த வருஷங்கள் அவை. பம்பாயில் மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு குறுக்குத் தெரு. அங்கே ஒரு மாடிக் கட்டடத்தில், தெருவைப் பார்த்த முதல் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். நான், என் கணவர், மாமியார், நாலு வயதுப் பிள்ளை. கட்டடம் முழுக்க நம்மவர்கள்தான். பாதிப் பேர் பாலக்காடு, மீதிப் பேர் தஞ்சாவூர். ஆண்கள் எல்லோரும் கோட்டைப் பக்கம் ஏதாவது ஓர் ஆபீசில் குமாஸ்தாவோ டைப்பிஸ்டோ.

எதிரே ஒரு காலி மனை. எங்கள் பிள்ளைகள் விளையாட இருந்த ஒரே இடம் அதுதான். குண்டு விழுந்தால் தீயணைக்கத் தண்ணீர் வேண்டுமென்று சர்க்காரில் அங்கே ஒரு தொட்டி கட்டினார்கள். தரைக்குக் கீழே ஒன்றரை ஆள் ஆழம், வழவழவென்று சிமெண்டு பூசிய சுவர், தரைக்கு மேலே முழங்கால் உயரத்துக்கு ஒரு விளிம்பு. கம்பி கிடையாது, மூடி கிடையாது, உள்ளே இறங்க ஏற ஒரு படி கூடக் கிடையாது. குண்டு விழவில்லை. தவளை வந்தது, பாசி வந்தது, கொசு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய பையன்கள் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதில் இறங்கி நீந்தினார்கள். 'ஸ்விம்மிங் பாத்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

நிஜமான ஸ்விம்மிங் பாத் எப்படி இருக்கும் என்று என் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய துரை ஒரு கிளப்பில் மெம்பர். ஒரு தடவை கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தார். குளத்தின் இரண்டு பக்கமும் ஏணி, பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் பித்தளைக் கம்பி, நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள், சுவரில் விதிகள் எழுதிய பலகை. இதை அவர் ஆச்சரியத்தோடு சொன்னார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நன்றாக நீந்தத் தெரிந்த துரைக்கு இத்தனை காவல். தண்ணீரே தெரியாத எங்கள் குழந்தைகளுக்கு முழங்கால் உயரச் சுவர்!

பயந்தது நடந்தது. கீழ்வீட்டுப் பெண் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு போய்த் தொட்டிக்குள் விழுந்தாள். பால் ஊற்றுகிற வடக்கத்தி பையா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் குதித்து அவளை மேலே தள்ளிக் கொடுத்தார். நல்லவேளை, மழை ஓய்ந்த சமயம், தொட்டி தளும்ப இருந்தது. விளிம்பு அவர் கைக்கு எட்டியது. குழந்தை பிழைத்தாள். அன்றிரவு கட்டடத்தில் ஒரு தாயும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டாள்.

ஆண்கள் கூடிப் பேசி அழகான இங்கிலீஷில் மனு எழுதினார்கள். எங்கள் கட்டடத்து ஆண்களுக்கு மனு எழுதுவதில் யாரும் நிகர் கிடையாது. பதில் வரவில்லை, வார்டன்தான் வந்தார்.

இந்த வார்டன் வேறு யாருமில்லை, பக்கத்துக் கட்டடத்துக்காரர், எங்கள் பாலக்காட்டுப் பக்கத்து மனிதர்தான். ஆகாயத் தாக்குதல் வந்தால் தெருவைக் காப்பாற்றுவதற்காகச் சர்க்கார் அவருக்கு ஓர் இரும்புத் தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்திருந்தது. சம்பளம் இல்லாத வேலை. ஆனால் அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டால் அவர் நடையே மாறிவிடும். எங்கள் கூடத்தில் நின்றுகொண்டு, தொப்பியைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னார்.

"தொட்டியைச் சுத்தி எதையும் கட்டப்படாது. தீப்பிடிச்சா நாலு பக்கத்துலேர்ந்தும் ஹோஸ் போடணும். வேலிக்கு ரூல்லே எடமில்லே. மீறிக் கட்டினா யுத்தகாலச் சட்டத்துலே உள்ளே தள்ளிடுவா."

"கொழந்தை விழறதுக்கு ரூல்லே எடமிருக்கோ?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்து, "உங்காத்துலே ரொம்பப் பேசறா" என்றார். என் கணவர் மின்விசிறி இல்லாத கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அடக்காததற்காக அவரை இன்றுவரை நான் மெச்சுகிறேன்.

வேலி கட்டக்கூடாது. சரி. கட்டலாம் என்றாலும் கம்பிக்கு எங்கே போவது? யுத்தத்தில் ஆணி வாங்கக்கூடத் தெரிந்தவர் வேண்டும். ஆனால் துணி உலர்த்தக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! மொட்டை மாடியில் இடம் போதவில்லை, காலி மனையில் நல்ல வெயில், நாங்கள் துணி உலர்த்துகிறோம். யார் என்ன செய்ய முடியும்?

மறுநாள் எங்கள் கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடத்திலும் இருந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்து தொட்டியைச் சுற்றி மூங்கில் நட்டோம். மேலேயும் கீழேயுமாகக் கொடிக்கயிறு இழுத்துக் கட்டினோம். அதில் எங்கள் ஒன்பது கஜப் புடவைகளை இரண்டாக மடித்துப் போட்டு, கீழ்முனைகளைக் கீழ்க்கயிற்றில் செருகினோம். ஒன்பது கஜம் என்றால் சும்மாவா? ஒருத்தி புடவை முடிகிற இடத்தில் அடுத்தவள் புடவை தொடங்கியது. பிள்ளை ஓடிவந்து மோதினால் தூளி மாதிரி வாங்கிக்கொள்ளும். பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது, அரக்கும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக.

அத்தனையும் மடிப்புடவைகள், சமையலுக்கும் பூஜைக்கும் ஆசாரமாகக் கட்டிக்கொள்பவை. குளித்துவிட்டு நனைத்துப் பிழிந்து உலர்த்துகிற புடவையை மறுநாள் குளித்தவள்தான் எடுக்கலாம். இடையில் யாராவது தொட்டுவிட்டால் மறுபடி நனைக்க வேண்டும். அதனால் கையால் தொடாமல் ஒரு கோலால்தான் போடுவதும் எடுப்பதும். எனக்கும் மடிக்கும் அவ்வளவாக ஒத்துப்போனதில்லை. மாமியார் வீட்டில் பாதி நாள் நான் எதையாவது தொட்டுவிட்டுத் திட்டு வாங்குவேன். ஆனால் அன்று அந்த மடியைத்தான் ஆயுதமாக எடுத்தேன்.

வார்டன் வந்தார். தொப்பி, விசில், கூட இரண்டு உதவியாளர்கள். "எல்லாத்தையும் அவுருங்கோ" என்று உத்தரவு போட்டார். உதவியாளர்களும் எங்கள் தெருப் பையன்கள்தான். ஒருத்தன் கையை நீட்டியவன், "சார், மடித்துணி" என்று பின்வாங்கிவிட்டான். வார்டன் கோபமாகத் தானே முன்னால் வந்தார். வந்தவர் சட்டென்று நின்றார். அவர் கைக்கு நேராக இருந்த மாம்பழ மஞ்சள் புடவை அவர் வீட்டுப் புடவை. அதன் பின்னால் மடிக்கோலோடு அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"தொட்டேள்னா நீங்களே திரும்ப நனைச்சு ஒணத்தணும்" என்றாள் அவள்.

மனிதர் ஒருதரம் விசிலை ஊதினார். யாருக்காக ஊதினார், எதற்காக ஊதினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஊதிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பு கிங்ஸ் சர்க்கிள் வரை கேட்டிருக்கும்.

பனிக்காலம் முழுக்க வேலி நின்றது. தினமும் காலையில் பழைய புடவை கோலால் வரும், ஈரப்புடவை கோலால் போகும். தெருவில் போகிறவர்கள் பக்கத்தில் வந்தால் மேலேயிருந்து யாராவது ஒரு பெண், "மடி, மடி! தள்ளிப் போ!" என்று குரல் கொடுப்பாள். எல்லோரும் ஒதுங்கித்தான் போனார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகு காரடையான் நோன்பு வந்தது.

மாசியும் பங்குனியும் சேருகிற அந்த நேரத்தில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் மடியாக இருந்து, அடையும் வெண்ணெயும் நைவேத்தியம் செய்து, கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிற நாள். புருஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் நாள். அந்த வருஷம் நோன்பு நேரம் நடுப்பகலில் வந்தது. காலையில் ஒவ்வொருத்தியும் கோலோடு போய்த் தன் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். நானும்தான். அரக்குக் கலர் நூல் புடவை. நோன்பு அவசரத்தில் ஈரப்புடவை போடுவதை எல்லோருமே தள்ளிப்போட்டுவிட்டோம் என்பது எங்களில் ஒருத்திக்கும் உறைக்கவில்லை. வெறும் மூங்கிலும் கயிறும்தான் அங்கே நின்றன.

ஆண்கள் ஆபீசில். பெண்கள் அடுப்படியில். இலை போட்டு அடையை எடுத்துவைத்துவிட்டு, பிள்ளை எங்கே என்று ஜன்னல் பக்கம் வந்தேன். அவன் கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, தொட்டி விளிம்பில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு தவளை பார்த்துக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். என் குரலைக் கேட்டுத் திரும்பினான். திரும்பியவன் வழுக்கி உள்ளே போய்விட்டான்.

எப்படிப் படி இறங்கினேன் என்று நினைவில்லை. அப்போது தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் என் அலறலைக் கேட்டுத் தலையில் இருந்த தோல் மூட்டையை வீசிவிட்டுத் தொட்டிக்குள் குதித்ததை மட்டும் பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் என் பிள்ளையை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிராண்டிக்கொண்டிருந்தார். வெயில் காலம் வந்துவிட்டதால் தண்ணீர் கீழே போயிருந்தது. சுவர் முழுக்கப் பாசி. கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. விளிம்பு அவருக்கு எட்டவில்லை, அவர் கை எனக்கு எட்டவில்லை. நீந்தத் தெரிந்தவர்தான். ஆனால் ஒரு கையில் குழந்தையோடு எவ்வளவு நேரம் நீந்துவது? ஒருதரம் இரண்டு பேர் தலையும் தண்ணீருக்குள் போய் மேலே வந்தது.

கொடிக்கயிற்றை இழுத்துப் பார்த்தேன். நாங்களே இறுக்கிக் கட்டிய முடிச்சு அவிழவில்லை. பின்கச்சத்தை உருவினேன். மாராப்பை எடுத்தேன். நட்டநடுத் தெருவில், பட்டப்பகலில், அந்த ஒன்பது கஜத்தில் எத்தனை வருமோ அத்தனையையும் உருவி, தலைப்பை உள்ளே வீசினேன். அது அவர் முகத்துக்கு நேரே போய் விழுந்தது.

அவர் பிடிக்கவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டே என்னை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "எம்மா, மடியா இருக்கியளே... தொடலாமா?"

தண்ணீருக்குள் செத்துக்கொண்டிருக்கிற மனிதர், என் பிள்ளையைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு, என் புடவையைத் தொட என்னிடம் அனுமதி கேட்கிறார். அந்தத் தெருவில் 'தள்ளிப் போ' என்று எத்தனை தடவை கேட்டிருந்தால் அந்த நேரத்தில் அது ஞாபகம் வரும்! அவர் கேட்ட அந்த நேரத்துக்குள் என் பிள்ளை போயிருப்பான்.

"பிடியுங்கோ!" என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு உண்டு என்று அதுவரை எனக்கே தெரியாது. "மடியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம், பிடியுங்கோ!"

பிடித்தார். பாரம் என்னை இழுத்தது. விளிம்பில் முழங்கால் தேய்ந்து நானும் உள்ளே போகிற சமயத்தில் பின்னால் யாரோ என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். வார்டனின் மனைவி. அவளை இன்னொருத்தி பிடித்தாள், அவளை மற்றொருத்தி. எல்லோரும் மடி, எல்லோரும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டு. அவர் புடவையைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் காலை ஊன்றி மேலே ஏறினார். முதலில் பிள்ளையை என் கையில் கொடுத்தார். பிறகு அவரை இழுத்து மேலே போட்டோம். பிள்ளை தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுதான். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சங்கீதத்தை மாட்டுங்காவில் நான் கேட்டதில்லை.

அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து இருமினார். எங்களைச் சுற்றிப் பார்த்தார். நான் கும்பிட்டேன். அதையெல்லாம் அவர் கவனிக்கவே இல்லை. அவருக்குக் கோபம்.

"ஏம்மா, இத்தன பேரு இருக்கிய. இத அடைச்சுப் போட ஒருத்தருக்குமா வக்கில்ல? நேத்து சேல கெடந்துச்சே, இன்னைக்கு எங்க போச்சு?"

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? அவர் மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஒரு வாய்க் காப்பியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். "வேல கெடக்கு" என்று ஈரத்தோடு நடந்துவிட்டார்.

பிள்ளையைத் துடைத்து, போர்த்தி, ஊஞ்சலில் படுக்க வைத்தேன். நோன்பு நேரம் இன்னும் தாண்டவில்லை. நான் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். அதே புடவை. பாசியும் சேறும் சொட்டச் சொட்ட.

மாமியார் வாசற்படியில் நின்றாள். "குளிச்சுட்டு வேற கட்டிண்டு வாடி. யார் யாரோ தொட்ட புடவை. மடி போயிடுத்தே" என்றாள். கொடுமைக்காரி அல்ல, பாவம். அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

"இந்தப் புடவை என் கொழந்தையை எடுத்துண்டு வந்திருக்கு. அந்தக் கைதான் பிடிச்சுண்டு வந்தது. இன்னிக்கு இதைவிட மடியா என்கிட்டே ஒண்ணும் கிடையாது. நோன்பு நடக்கணும்னா இதோடதான் நடக்கும்" என்றேன்.

அதுவரை மாமியாருக்கு முன்னால் நான் குரல் உயர்த்தியதில்லை. அவள் என்னைப் பார்த்தாள். ஊஞ்சலில் கிடந்த பேரனைப் பார்த்தாள். மஞ்சள் சரடை எடுத்து என் கையில் கொடுத்தாள். கட்டிக்கொண்டேன். அன்று புருஷனோடு சேர்த்து, பெயர் கூடக் கேட்காமல் விட்ட அந்த மனிதருக்காகவும் வேண்டிக்கொண்டேன். கோபமாகப் போனவருக்கு என்னால் அன்று வேறு என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலையில் அந்த அரக்குப் புடவையை மட்டும் கொண்டுபோய்த் தொட்டி மேல் கட்டினேன். கோலால் அல்ல, கையால். இனிமேல் இது மடி இல்லை, யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று உரக்கச் சொன்னேன். தொட்டு அவிழ்க்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி வரட்டும் என்று பக்கத்திலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வார்டனின் மனைவி அவள் முக்காலியோடு வந்தாள். பிறகு மற்றவர்கள். அரிசி பொறுக்குவது, கறிகாய் நறுக்குவது, சண்டை போடுவது எல்லாமே அங்கேதான்.

சாயங்காலம் வார்டன் வந்தார். தொப்பி இல்லை, விசில் இல்லை. கூட எங்கள் கட்டடத்து ஆண்கள், தோளில் மூங்கில். மனு எழுதுகிற கைகள் எல்லாம் குழி தோண்டின. மார்பு உயரத்துக்கு நெருக்கமாக வேலி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்த ஒரு படல், தொட்டிக்கு உள்பக்கம் முடிச்சுப் போட்ட இரண்டு கயிறு. யுத்தகாலச் சட்டம் என்ன ஆனது என்று நான் வார்டனைக் கேட்டேன். "வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைதான்!

மேலிடத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். பிரிக்கச் சொன்னார்கள், மிரட்டினார்கள். நாங்கள் முக்காலியை நகர்த்தவில்லை. போனார்கள். கொஞ்ச மாதம் கழித்து ஓர் உத்தரவு வந்தது: இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாத் தொட்டிகளுக்கும் வேலி, கதவு, இறங்கக் கயிறு வைக்க வேண்டுமாம். ஏதோ அவர்களுக்கே தோன்றிய மாதிரி! வார்டன் மறுபடியும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வேலி வைக்காத தெருக்களுக்கெல்லாம் போய், "ரூல் இருக்கு, தெரியுமோ?" என்று விரட்டிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டாலும் அவரை நான் மன்னித்துவிட்டேன்.

அந்தத் திருநெல்வேலிக்காரரைத் தேடிக்கொண்டு என் கணவரும் நானும் தாராவிக்குப் போனோம். தோல் பதனிடும் இடங்களில் விசாரித்து விசாரித்து, அவர் எங்கே வேலை பார்த்தார் என்று மட்டும் தெரிந்துகொண்டோம். ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். மறுபடி அவரைப் பார்க்கவே இல்லை.

இப்போது நான் செம்பூரில், திலக் நகர்ப் பக்கம் பிள்ளையோடு இருக்கிறேன். தொட்டியில் விழுந்த அதே பிள்ளைதான், ரிடையர் ஆகிவிட்டான். எங்கள் புதுக் கட்டடத்தின் கீழே ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். நீல டைல்ஸ், ராத்திரியில் விளக்கு, எல்லாம் உண்டு. சுற்றி ஒரு கம்பி மட்டும் இல்லை. தவழுகிற குழந்தைகள் இருக்கிற கட்டடம். செகரெட்டரியிடம் போய்க் கேட்டேன். நல்ல பையன், தமிழும் ஹிந்தியுமாகச் சொன்னான்: "மாமி, அபி தோ, இப்போதைக்கு அப்படி ஒரு லா இல்லே. சட்டம் வரட்டும், உடனே போட்டுடலாம்."

"விடும்மா" என்றான் என் பிள்ளை. தொட்டியில் விழுந்தவனே இப்படிச் சொன்னால்!

பெட்டியைத் திறந்தேன். அந்தப் புடவையின் அரக்கு வெளுத்துச் செங்கல் நிறமாகிவிட்டது, ஒரு ஓரத்தில் பாசிக் கறை இன்னும் போகவில்லை. கீழே எடுத்துப் போய்க் குளத்தின் ஒரு பக்கம் இழுத்துக் கட்டினேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். செகரெட்டரி ஓடி வந்தான். "தாராளமா தொட்டு அவிழ்க்கலாம்ப்பா, மடி இல்லே" என்றேன். "ஆனா நான் எழுந்துக்கப் போறதில்லே."

சட்டம் எழுதுகிறவர்கள் நிதானமாக எழுதட்டும், வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நான்தான். ஆனால் அது வந்து சேருகிறவரை குழந்தைக்கும் தண்ணீருக்கும் நடுவில் யாராவது ஒருவர் அனுமதி கேட்காமல் நின்றே ஆக வேண்டும் என்பதை அந்த நோன்பு நாள் என் எலும்பில் எழுதிவிட்டது, இந்த வயதிலும் நான் நகர்வதாக இல்லை.